மச்சில் மரநாய்: அடிக்காமல் அனுப்புவதும் வாடையைப் போக்குவதும்

வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் பூட்டிக் கிடக்கிற செட்டிநாட்டு வீட்டைக் கல்யாணத்துக்கோ முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ திறந்ததும் ஒரு கனத்த வாடை மூக்கில் ஏறினால், "புனுகுப்பூனை புகுந்திருக்கு" என்பார்கள். பெரும்பாலும் அது மரநாய். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் சிலர் கூண்டு வைத்துப் புனுகு எடுக்கப் பார்க்கிறார்கள்.

புனுகுப்பூனைக்கு வாலில் கறுப்பும் வெளுப்புமாக வளையங்கள், முதுகில் நீளவாக்கில் கோடுகள் இருக்கும். அது தரையில் திரிகிற பிராணி. மரநாய்க்கு வாலில் வளையம் கிடையாது. கண்ணைச் சுற்றி முகமூடி கட்டியதுபோல் கறுப்பு. ராத்திரி ஓட்டின் மேல் தடதடவென்று ஓடுவது இதுதான். புனுகு என்பது புனுகுப்பூனைக்குப் பிறப்புறுப்பை ஒட்டிய பையில் சுரக்கிற மெழுகு. திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு பெருமாளுக்குச் சாத்துவது அந்தப் புனுகுத் தைலம்தான். அதன் மணத்துக்குக் காரணமான சிவெட்டோனின் அமைப்பை 1926-இல் வேதியியலாளர் லியோபோல்ட் ருசிக்கா கண்டறிந்தார். இன்று அத்தர், சென்ட் தொழிலில் பெரும்பாலும் செயற்கையாகச் செய்ததே புழங்குகிறது. மச்சில் இருக்கிற மரநாயைப் பிடித்து யாருக்கும் லாபமில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டையும் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். தானாக வெளியேற வழி செய்வதுதான் சரி.

முதலில் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். மச்சுப் படி, ஜன்னல் விளிம்பு, ஓட்டுக்கும் சுவருக்கும் இடைவெளி உள்ள இடங்களில் அடுப்புச் சாம்பலையோ கோலமாவையோ மெல்லிசாகத் தூவி ஒரு ராத்திரி விடுங்கள். வீட்டுப் பூனைக்கு நான்கு விரல் பதியும், மரநாய்க்கு ஐந்து. புழுக்கையில் ஈச்சம் விதை, நாவல் கொட்டை முழுசாகக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு முஷ்டி நுழைகிற சந்து அதற்குப் போதும். செட்டிநாட்டுத் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக இருப்பதால் பக்கத்து வீட்டு ஓட்டையும் பார்க்க வேண்டும். பங்காளிகளிடம் சொல்லிவிட்டுச் செய்தால் வேலை பாதியில் நிற்காது.

அடுத்தது குட்டி இருக்கிறதா என்பது. ஒரு ஈட்டுக்கு இரண்டு முதல் ஐந்து குட்டி போடும். பகலில் மச்சின் மூலையிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தால் எதையும் அடைக்காதீர்கள். தாய் வெளியே போன நேரத்தில் அடைத்துவிட்டால் குட்டிகள் உள்ளே செத்து நாறும். தாயும் ஓட்டைப் பிரித்து வரும். குட்டிகள் தாய் பின்னால் நடக்க ஆரம்பிக்கும் வரை, இரண்டு மூன்று மாதம், பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவரை எலித் தொல்லையும் குறையும்.

குட்டி இல்லை என்று உறுதியான பிறகு, மற்றச் சந்துகளை எல்லாம் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வைத்துச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். அதிகம் புழங்குகிற ஒரே ஒரு வழியை மட்டும் விட்டு, அதன் வெளிப்பக்கம் மெஷ் துண்டு ஒன்றை மேல் விளிம்பில் மட்டும் கட்டித் தொங்க விடுங்கள். தள்ளிக்கொண்டு வெளியே போகலாம், இழுத்துத் திறக்க முடியாது. மெஷ் சந்தைவிடச் சுற்றிலும் நான்கு விரல் அகலமாக இருக்கட்டும். ஓரம் தூக்கினால் நகத்தைக் கொடுத்துத் திறந்துவிடும். உள்ளே சாம்பல் தூவி மூன்று ராத்திரி தடம் விழாவிட்டால் அதையும் அடைக்கலாம். கூரை மேல் சாய்ந்த கிளைகளை ஆறடி தள்ளி வெட்டுங்கள். பாச்சா உருண்டை, மிளகாய்ப் புகை எல்லாம் வீண். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குத்தான் போகும். இறங்காமல் உள்ளேயே மாட்டிக்கொண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இனி வாடை. வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மரநாய் அல்ல, அவசரத்தில் ஊற்றுகிற ஆசிட்டும் வினிகரும்தான். மரநாயின் சுரப்பு எண்ணெய்ப் பசை உள்ளது, வெறும் தண்ணீரில் போகாது. அதற்காகப் புளிப்பான எதையும் ஊற்றினால், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு அரித்துப் பளபளப்பு போய்விடும்; சிமெண்டில் வார்த்த ஆத்தங்குடிக் கல்லும் வெளுக்கும். அந்த மெருகு திரும்ப வராது. மூத்திரம் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், இரண்டும் சேர்ந்து நச்சுப் புகை கிளம்பும்.

முகக்கவசமும் கையுறையும் போட்டு, புழுக்கையின் மேல் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே வாருங்கள். காய்ந்தபடி வாரினால் தூசி நெஞ்சுக்குள் போகும். தரைக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் போதும். துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள்.

சுவருக்கு முல்தானி மெட்டி. இட்லி மாவுப் பதத்தில் குழைத்து, கறையின் மேல் அரை சென்டிமீட்டர் கனத்தில் அப்பி ஒரு நாள் விடுங்கள். காயும்போது பசையை உறிஞ்சிக்கொள்ளும். விளிம்பு வெடித்து, விரலால் தட்டினால் சிப்பி சிப்பியாக உதிரும் பக்குவத்தில் மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். சுரண்டக் கூடாது. இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருக்கும். கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் முதலில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேக்கில் பாலிஷ் உள்ளதா என்று பார்த்தே கை வையுங்கள். பாலிஷ் இல்லாத கூரைக் கைமரத்தைச் சர்ஜிகல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கலாம். அந்த நேரத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. அரக்குப் பாலிஷ் போட்ட தூணிலும் நிலையிலும் ஸ்பிரிட் பட்டால் பாலிஷ் கரைந்து திட்டுத் திட்டாகும். அங்கே சோப்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்த துணியும், உடனே துடைக்க உலர்ந்த துணியும் போதும்.

நான்கைந்து நாள் வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றியுள்ள கதவு ஜன்னல்களைத் திறந்து போடுங்கள். திரும்பப் பூட்டும்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு டப்பா சாம்பல் கொடுத்து, மாதம் ஒரு முறை மச்சுப் படியில் தூவிப் பார்க்கச் சொல்லுங்கள். நழுவிய ஓட்டை ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். ஒழுகுகிற இடம்தான் அதன் அடுத்த வாசல்.