மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்: பயிற்சி விமானிகள் தரையில் செய்யும் தவறுகள்

விமானம் ஓட்டக் கற்பவர்கள் இறக்குவதற்குத்தான் பயந்து பயந்து பழகுகிறார்கள். டாக்ஸி செய்வது, அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்வது, அவர்களுக்குக் கார் ஓட்டுவது போல. ஆனால் 1977இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் 583 பேர் உயிரிழந்தது ஓடுபாதையில் இரண்டு ஜம்போ ஜெட்கள் மோதியதால்தான்.

முதலில் அந்த மஞ்சள் கோடுகள். டாக்ஸிவே (ஓடுபாதைக்குப் போய்வரும் தரைப்பாதை) ஓடுபாதையைத் தொடும் முன், குறுக்கே நான்கு கோடுகள் இருக்கும்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போகும் கோடு. முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் நில்லுங்கள். டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) அனுமதி இல்லாமல் மூக்குகூட அதைத் தாண்டக் கூடாது. விட்ட கோடு உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ஓடுபாதைக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள். தாண்டி வெளியே வந்துவிடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நன்றாக இறக்கிய சந்தோஷத்தில் டாக்ஸிவேக்குள் திரும்பியதுமே பிரேக்கை அழுத்தி, ஃபிளாப்பை (இறங்கும்போது இறக்கையில் கீழே விரியும் தகடுகளை) ஏற்றத் தொடங்குவார்கள். செஸ்னா 172 பயிற்சி விமானம் எட்டு மீட்டருக்கும் மேல் நீளம். மூக்கு கோட்டைத் தாண்டியிருக்கும், வால் இன்னும் உள்ளேயே இருக்கும். வாலும் தாண்டினால்தான் ஓடுபாதை காலி.

அடுத்தது காது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், கடலோரக் காவல்படை விமானத்திடம் டவர் சொன்னது "நம்பர் ஒன், சி5 ஹோல்டிங் பாயிண்ட்டுக்குச் செல்லவும்" என்பதுதான். ஹோல்டிங் பாயிண்ட் என்பது ஓடுபாதைக்கு வெளியே காத்திருக்க வேண்டிய இடம். அவர்கள் அதைச் சரியாகத் திருப்பியும் சொன்னார்கள். ஆனாலும் ஓடுபாதைக்குள் போய் நின்றார்கள். இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியதில், காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பியது பெரும் ஆறுதல். 'நம்பர் ஒன்' என்றால் வரிசையில் முதல் ஆள், அவ்வளவுதான். வாய் திருப்பிச் சொல்லும்போது, எங்கே நிற்க வேண்டும் என்பதை மனம் படமாகப் பார்க்க வேண்டும்.

பலகைகளில் நிறம்தான் மொழி. சிவப்பில் வெள்ளை எழுத்து: அனுமதியின்றி நுழையாதே. கறுப்பில் மஞ்சள் எழுத்து: நீ இருக்கும் இடம். மஞ்சளில் கறுப்பு எழுத்து: போகும் வழி. சென்னையில் ஒரு சிவப்புப் பலகையில் 07-25 (ஒரே ஓடுபாதையின் இரு முனை எண்கள்) என்றிருந்தால், 07இன் தொடக்கம் இடப்பக்கம், 25இன் தொடக்கம் வலப்பக்கம். ஓடுபாதைக்கு முன் குறுக்கே பதித்த சிவப்பு ஸ்டாப் பார் விளக்குகள் எரிந்தால், டவர் "போ" என்றாலும் போகாதீர்கள், கேளுங்கள்.

ஓடுபாதையில் நின்றதும் திசைகாட்டியைப் பாருங்கள். ஓடுபாதை எண் 22 என்றால் ஏறக்குறைய 220 டிகிரி காட்ட வேண்டும். 2006இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் காமெய்ர் நிறுவன விமானம் 22க்குப் பதில், நீளத்தில் பாதியே இருந்த 26இலிருந்து புறப்பட்டது. 49 பேர் இறந்தார்கள். முள் 40 டிகிரி தள்ளி நின்றிருந்தது.

ஓடுபாதையில் வெள்ளை அம்புகள் த்ரெஷோல்டை (இறங்குவதற்கான பகுதி தொடங்கும் கோட்டை) நோக்கிப் போனால், அந்தப் பகுதியிலிருந்து புறப்படலாம், ஆனால் இறங்கும்போது சக்கரம் அங்கே தொடக்கூடாது. மஞ்சள் செவ்ரான் கோடுகள் (V வடிவக் கோடுகள்) இருந்தால் எதற்கும் கூடாது.

வழி தவறியதாகத் தோன்றினால் அப்படியே நின்று டவரிடம் சொல்லுங்கள். ஓடுபாதைக்குள் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் முதலில் வெளியேறுங்கள். 2001இல் மிலான் லினாட்டேயில், மூடுபனிக்குள் ஒரு சிறு ஜெட் ஆர்5 டாக்ஸிவேக்குப் பதில் ஆர்6 வழியே போய் ஓடுபாதையில் ஏறி, புறப்பட்டுக்கொண்டிருந்த பயணிகள் விமானத்துடன் மோதியது. 118 பேர் இறந்தார்கள். "நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை" என்று ரேடியோவில் சொல்லக் கூச்சப்படாதீர்கள். எந்த டவரும் அதற்காக உங்களைத் திட்டாது.