ஒரே ஜோடிக் கம்பி, பல கருவிகள்: கேன் பஸ்ஸில் மோதல் இல்லாமல் முன்னுரிமை கொடுப்பது எப்படி?

இரண்டே கம்பிகள், அவற்றில் ஏழெட்டு கருவிகள். யார் முதலில் பேசுவது என்று சொல்ல நடுவில் யாரும் இல்லை. கணினிகளை இணைக்கும் பழைய ஈதர்நெட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்திகளும் கெட்டுவிடும். ஆளுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும், அந்த நேரமும் குலுக்கல்தான். கோப்பு அனுப்ப அது போதும், பிரேக்குக்குப் போதாது. வண்டிகளுக்காக போஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கேன் பஸ் (கருவிகள் ஒரே ஜோடிக் கம்பியில் செய்தி பரிமாறும் முறை, CAN) இதை வேறு விதமாகத் தீர்க்கிறது: மோதினாலும் ஒரு செய்தி சேதமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

படி 1: முதலில் காகிதத்தில்

கேனில் 0-வும் 1-உம் சமமல்ல. ஒருவர் 0 அனுப்பி இன்னொருவர் 1 அனுப்பினால் கம்பியில் தெரிவது 0 மட்டுமே. ஒவ்வொரு செய்தியும் 11 பிட் (ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது 1) அடையாள எண்ணோடு தொடங்கும். அனுப்பும் கருவி ஒவ்வொரு பிட்டையும் போட்டுவிட்டுக் கம்பியையும் படித்துப் பார்க்கும். தான் 1 போட்டும் கம்பியில் 0 தெரிந்தால், தன்னைவிட அவசரக்காரர் யாரோ இருக்கிறார் என்று பொருள். உடனே வாயை மூடிக்கொள்ளும்.

288, 292, 640 ஆகிய மூன்று எண்களும் ஒரே நொடியில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம்:

288 → 00100100000
292 → 00100100100
640 → 01010000000

இடமிருந்து வாருங்கள். முதல் பிட்டில் எல்லோரும் 0. இரண்டாவதில் 640 மட்டும் 1 போடுகிறது, கம்பியில் 0, 640 விலகிவிட்டது. மூன்றிலிருந்து எட்டு வரை மற்ற இரண்டும் ஒரே மாதிரி. ஒன்பதாவது பிட்டில் 292 போடுவது 1, 288 போடுவது 0. 292-உம் விலகுகிறது. இப்படி ஒரு போட்டி நடந்ததே 288-க்குத் தெரியாது, அதன் செய்தியில் ஒரு பிட்கூட மாறவில்லை. தோற்ற இரண்டும் கம்பி காலியானதும் தாமாகவே மறுபடி முயலும். இது பிழைக் கணக்கில் சேராது.

சிறிய எண்ணே ஜெயிக்கும் என்பது இதிலேயே வந்துவிட்டது. வேறு இரண்டு எண்களை எடுத்து நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

படி 2: எண்களைப் பங்கிடுவது

வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, பலர் அவசரமாகத் தாண்டுவதும் இதைத்தான். 'முக்கியமான' செய்திக்குச் சிறிய எண் என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு செய்தியையும் ஒரே கேள்வி கேளுங்கள்: எவ்வளவு தாமதம் வரை தாங்கும்? மோட்டாரின் வெப்பநிலை முக்கியம்தான், ஆனால் ஒரு நொடி பிந்தினால் ஒன்றும் ஆகாது. பிரேக் மிதியின் நிலை 10 மில்லிநொடிக்குள் வேண்டும். குறைந்த கெடு உள்ளதற்குச் சிறிய எண். எண்களுக்கு நடுவில் இடைவெளியும் விடுங்கள், நாளைக்குப் புதுச் செய்தி வரும்.

ஒரே எண்ணை இரண்டு கருவிகள் அனுப்பவே கூடாது. இரண்டும் போட்டியில் சேர்ந்தே ஜெயித்துவிடும். அப்புறம் தரவுப் பகுதியில் பிட் வேறுபடும் இடத்தில் பிழை வெடிக்கும்.

படி 3: கணக்கு

எட்டு பைட் தரவுள்ள ஒரு செய்தி, இடையில் திணிக்கப்படும் கூடுதல் பிட்களையும் சேர்த்து, அதிகபட்சம் 135 பிட். 500 கிலோபிட் வேகத்தில் அது 270 மைக்ரோநொடி. பத்து செய்திகள் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை போனால் நொடிக்கு 1,35,000 பிட், அதாவது கம்பியின் 27 சதவீதம். இது தாராளம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செய்தியை யாரும் வெட்ட முடியாது. ஆக, மிகச் சிறிய எண்ணும்கூட அந்த 270 மைக்ரோநொடி வரை காத்திருக்க நேரலாம்.

படி 4: கம்பி

கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை, நடுவில் எங்கும் வேண்டாம். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரு கம்பிகளுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 40 காட்டினால் மூன்றாவதாக ஒரு மின்தடை ஒளிந்திருக்கிறது. மலிவான எம்சிபி 2515 (கேன் செய்திகளைக் கையாளும் சிப்) பலகைகளில் பெரும்பாலும் இந்த மின்தடையை இணைக்கும் சிறு செருகி, ஜம்பர், இருக்கும், நடுப்பலகையில் அதைக் கழற்றுங்கள். பலகையின் படிகம் (சிப்புக்கு நேரத் துடிப்பு கொடுப்பது) 8 மெகாஹெர்ட்ஸா 16-ஆ என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். நிரலிலும் அதையே கொடுங்கள்.

வேகம் கூடினால் நீளம் குறையும். 1 மெகாபிட்டுக்குச் சுமார் 40 மீட்டர்தான். ஒரு பிட் முடிவதற்குள் அது கடைசி முனை வரை போய், பதிலும் திரும்பி வந்தாக வேண்டுமே.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

மூன்று பலகைகள் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை 125 கிலோபிட்டுக்குக் குறைத்தால் நெரிசல் சுலபமாக வரும், எட்டு பைட் செய்தி ஒன்றுக்கே சுமார் ஒரு மில்லிநொடி ஆகும். ஒரு பலகை 288-ஐயும் இன்னொன்று 640-ஐயும் இடைவிடாமல் அனுப்பட்டும், மூன்றாவது வந்து சேர்ந்தவற்றை எண்ணட்டும். 640-இன் எண்ணிக்கை சரிந்தால் சரி. எண்களை மாற்றிப் போட்டால் நிலைமையும் தலைகீழாக வேண்டும்.

ஒரே ஒரு பலகையோடு சோதித்துவிட்டு 'செய்தி போகவே இல்லை' என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பெற்றுக்கொண்டேன் என்று இன்னொரு கருவி ஒரு பிட் போட்டால்தான் செய்தி போனதாகக் கணக்கு; யாரும் இல்லாவிட்டால் அது அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டாவது பலகையைச் செருகுங்கள், உடனே ஓடும்.