ஒழுங்குமுறைச் சீர்திருத்தம்: இளநிலை அமைச்சர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் ஒழுங்குமுறைச் சீர்திருத்தப் பொறுப்பை, அதாவது தொழில்கள் மீதான அரசு விதிகளைக் குறைத்துச் சீராக்கும் வேலையை, ஏற்கும் இளநிலை அமைச்சர்களுக்குக் குறிப்புகள் தயாரித்துக் கொடுத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். கோப்பைப் படிக்காமல் அவைக்குச் செல்லக் கூடாது என்பதையெல்லாம் எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எண்ணிக்கையைச் சாதனையாகக் கொள்வது

புதிய விதி ஒன்று வந்தால் பழையது ஒன்று நீங்க வேண்டும் என்ற பொருளில், 2011இல் 'ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும்' என்ற நெறி நடைமுறைக்கு வந்தது. 2013இல் போக வேண்டியவை இரண்டாயின, பின்னர் மூன்றாயின. அந்த நெறி அளந்தது தொழில் நிறுவனங்களின் மேல் விழும் நிகரச் செலவை. வரி விதிகளும் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வந்தவையும் அந்தக் கணக்கில் சேரவில்லை. புதிய அமைச்சரோ நெறியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, நீக்கத்தக்க விதிகளின் நீண்ட பட்டியலைக் கேட்கிறார். துறைகளும் மகிழ்ச்சியோடு தருகின்றன, எவரும் பயன்படுத்தாமல் செத்துக் கிடக்கும் ஆணைகளை. அப்படியொரு பட்டியலைப் பெருமையோடு வாசித்த அமைச்சரிடம், சிறுதொழில் நடத்தும் ஒருவர் எழுந்து, "ஐயா, இவற்றில் எது என்னைத் தடுத்துக்கொண்டிருந்தது?" என்று கேட்டார். பட்டியல் தந்த அதிகாரிகளுக்கு விடை முன்பே தெரியும் என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இதன் பெரிய வடிவத்தை நாடே பார்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னும் பிரிட்டனில் தக்கவைக்கப்பட்ட ஐரோப்பியச் சட்டங்கள் 2023 இறுதியில் தாமாகவே காலாவதியாகும் என்று 2022இல் கொண்டுவரப்பட்ட மசோதா கூறியதால், எந்தெந்தச் சட்டங்கள் தம்மிடம் உள்ளன என்று தேடுவதிலேயே துறைகள் பல மாதங்களைச் செலவிட்டன. ஏறத்தாழ 4,000 சட்டங்களைத் தொட்டிருக்கக்கூடிய அந்தத் திட்டத்தை 2023 மே மாதத்தில் அரசு கைவிட்டு, ஏறத்தாழ 600 சட்டங்களின் பட்டியலோடு நிறுத்திக்கொண்டது.

பிற துறைகளுக்கு ஆணையிடுவது

அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை.

2006ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறுக்குவழியாக எண்ணுவது

அந்த ஆண்டின் சட்டமன்ற, ஒழுங்குமுறைச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், புதிய மசோதா இல்லாமலே அமைச்சரின் ஆணையால் ஒரு சட்டத்தையே திருத்தலாம் என்பது உண்மைதான். மசோதாவாக இருந்தபோது 'நாடாளுமன்றத்தை ஒழிக்கும் மசோதா' என்று அது எள்ளப்பட்டதன் பின்னர் தடுப்புகள் வலுவாயின: தேவையான பாதுகாப்பு எதையும் ஆணை அகற்றக் கூடாது, கலந்தாய்வு கட்டாயம், நாடாளுமன்றக் குழுக்களின் ஆய்வையும் அது கடக்க வேண்டும். அவசரப்படுகிறவருக்கு இது ஏற்ற கருவியன்று.

தாக்க மதிப்பீட்டை முடிவுக்குப் பின் எழுதுவது

ஒரு விதியின் செலவையும் பயனையும் முன்கூட்டியே கணக்கிடும் அறிக்கைதான் தாக்க மதிப்பீடு. முடிவெடுத்த பின் அதை எழுதினால், மாற்று வழிகளைப் பற்றிய பகுதி அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். தனித்தியங்கும் ஒழுங்குமுறைக் கொள்கைக் குழு அந்த மதிப்பீட்டை ஆராய்ந்து, தகுதியற்றது என்று சிவப்புக் குறியிட்டால், அந்தக் கருத்து உங்கள் மசோதாவோடு சேர்ந்தே ஊரறிய வெளிவரும்.