எல்லாரும் ‘அல்லேலூயா’ இல்லை: கிறிஸ்தவப் பிரிவுகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நீங்கள் கத்தோலிக்கரா, கிறிஸ்தவரா?” கொழும்பில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர்களையும் குறை சொல்ல முடியாது. பாடசாலையில் கத்தோலிக்க சமயம் ஒரு பாடம், கிறிஸ்தவம் வேறு பாடம். குடிசன மதிப்பீட்டிலும் உரோமன் கத்தோலிக்கர் தனி, ஏனைய கிறிஸ்தவர் தனி. 2012 கணக்கெடுப்பின்படி முதல் பிரிவினர் நாட்டு மக்களில் 6.2 சதவீதம், இரண்டாவது பிரிவினர் 1.4 சதவீதம். இப்படிப் பிரித்தே பழகியதால் இவை இரண்டு மதங்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். அது பிழை. கத்தோலிக்கரும் கிறிஸ்தவர்தான். கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்துப் பூசையில் சொல்லும் அதே நிசேயா விசுவாச அறிக்கையை, அதாவது கிறிஸ்தவ நம்பிக்கையின் சாரத்தை, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த அங்கிலிக்கன் ஆராதனையிலும் சொல்கிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, அந்த ‘ஏனைய’ என்பதை ஒரே கூட்டமாக நினைப்பது. ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கிய வுல்பெண்டால் ஆலயம் சீர்திருத்த சபையினுடையது. அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்டிஸ்தர், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாம் அந்த 1.4க்குள்தான் அடக்கம். இவர்கள் எல்லாரையும் ‘அல்லேலூயாக்காரர்’ என்று அழைத்தால் அது கேலியாகத்தான் காதில் விழும். ஒரு கத்தோலிக்கர் அங்கிலிக்கன் ஆராதனைக்குப் போனால் ஆயர், அங்கி, ஜெபப் புத்தகம், நற்கருணை என்று பெரும்பாலும் தெரிந்தவற்றையே பார்ப்பார். அங்கிலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையிலான தூரத்தை விட, அங்கிலிக்கருக்கும் பெந்தெகொஸ்தேயினருக்கும் இடையிலான தூரம் வழிபாட்டில் அதிகம் என்பது என் கருத்து. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியே 1791இல் இறக்கும்வரை அங்கிலிக்கன் குருவாகத்தான் இருந்தார்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலைப் பற்றி எழுதும்போதும் கவனம் தேவை. கொச்சிக்கடையும் கட்டுவாப்பிட்டியவும் கத்தோலிக்க ஆலயங்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் அப்படியல்ல. மூன்றையும் கத்தோலிக்க ஆலயங்கள் என்று எழுதிவிடாதீர்கள். இறந்தவர்கள் எந்தச் சபையில் வழிபட்டார்கள் என்பதைச் சரியாகச் சொல்வதாவது நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

குடும்பங்களுக்குள் உண்மையான சண்டை வருவது ஞானஸ்நானத்தில்தான். அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவார், மகன் சுயாதீன சபையொன்றில் சேர்ந்திருப்பான். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்ற அவனை “மறுபடியும் எடுக்க வேண்டும்” என்று பாஸ்டர் சொல்ல, வீட்டில் கண்ணீரும் கோபமும். “என் பிள்ளைக்கு நான் செய்தது செல்லாதா?” என்று அம்மா கேட்பார். இங்கே இரண்டு பக்கமும் மற்றவரைத் தவறாகப் புரிந்துகொள்கிறது. கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், சீர்திருத்த சபையினர், இவர்கள் எல்லாரும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். பப்டிஸ்தரும் பெந்தெகொஸ்தேயினரும் தானாக விசுவாசத்தை அறிக்கையிட்டவரைத்தான் தண்ணீரில் முழுக்குவார்கள். அவர்கள் கணக்கில் அது இரண்டாவது ஞானஸ்நானம் அல்ல, அதுதான் முதலாவது. அம்மாவை அவமதிக்க அவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

மறுபக்கம், மெதடிஸ்தப் பெண் கத்தோலிக்கராக விரும்பினால் அவளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பார்கள் என்று சொல்வதும் பிழை. தண்ணீராலும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலும் கொடுத்ததைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. கலப்புத் திருமணம் பேசுகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் பாதிப் பிரச்சினை குறையும். இரட்சணிய சேனையிலோ ஞானஸ்நானச் சடங்கே கிடையாது, நற்கருணையும் கிடையாது.

பெந்தெகொஸ்தே என்றாலே அமெரிக்காவிலிருந்து பணத்தோடு வந்தது என்ற பேச்சு நம்மிடையே நிறைய உண்டு. 1906இல் லொஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்கள் இந்த இயக்கத்துக்குப் பெரிய உந்துதல் கொடுத்தது உண்மைதான். ஆனால் சிலோன் பெந்தெகொஸ்தே சபை 1920களில் இலங்கையிலேயே பிறந்து, இங்கிருந்துதான் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் போனது. தொடங்கியவர் கேரளத்தில் பிறந்து இங்கே வாழ்ந்த பாஸ்டர் பால். வெள்ளை உடை, நகை அணியாமை, மருந்தை விட்டு ஜெபத்தை மட்டும் நம்புவது, மணமாகாத ஊழியர்கள் என்று கடும் ஒழுங்கு உள்ள சபை அது. செல்வத்தைப் பிரசங்கிக்கும் சபைகளோடு அதைச் சேர்த்துப் பேசுவது அநியாயம்.

கையை உயர்த்திப் பாடுகிறவர் எல்லாரும் பெந்தெகொஸ்தே என்று நினைப்பதும் வேண்டாம். கத்தோலிக்கத்துக்குள்ளேயே 1967இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய அருங்கொடை இயக்கம் இருக்கிறது. அவர்கள் ஜெபத்தில் ஆவியின் ஏவுதலால் வருவதாக நம்பும் ‘அந்நிய பாஷை’யும் பேசுவார்கள், ஜெபமாலையும் சொல்வார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் “இங்கே சிஎஸ்ஐ சர்ச் எங்கே?” என்று கேட்டு அங்கிலிக்கன் ஆலயத்தைத் தேடுவதுண்டு. தென்னிந்தியாவில் அங்கிலிக்கர் 1947இல் மற்றவர்களோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) ஆனார்கள். இலங்கை அங்கிலிக்கர் இணையவில்லை. அவர்கள் இலங்கைத் திருச்சபை என்று தனியாகவே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள தென்னிந்தியத் திருச்சபை அமெரிக்க மிஷனின் வழியில் வந்தது.

அப்புறம், ஏழாம் நாள் அட்வென்டிஸ்தரையும் யெகோவாவின் சாட்சிகளையும் குழப்புவது. அட்வென்டிஸ்தர் சனிக்கிழமை ஆராதிப்பவர்கள், பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை ஏற்பவர்கள். சாட்சிகள் திரித்துவத்தை ஏற்பதில்லை, கிறிஸ்மஸ் கொண்டாடுவதில்லை, இரத்தம் ஏற்றிக்கொள்ளவும் சம்மதிப்பதில்லை. அட்வென்டிஸ்தருக்கு அந்தத் தடை இல்லை. ஆஸ்பத்திரியில் அவசர நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் சபையை நீங்கள் சொல்ல வேண்டி வந்தால், ஊகித்துச் சொல்லாதீர்கள். அவரிடமோ அவர் வீட்டாரிடமோ கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.