பலகையைக் குறை சொல்வதற்கு முன்: வீட்டிலேயே தட்டு மாட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு துண்டு பிளைவுட், இரண்டு எல் வடிவ பிராக்கெட், கைப்பிடி அளவு திருகாணி ஆகியவை இருந்தால் புத்தகத் தட்டு ஒன்றை அரை நாளில் மாட்டிவிடலாம். அப்படி மாட்டிய தட்டு நடுவில் தொய்ந்தாலோ சுவர்த் துளைக்குள் திருகாணியைப் பிடித்து நிற்கும் பிளக்கோடு பெயர்ந்து வந்தாலோ பழி பெரும்பாலும் மலிவான பலகையின் மேல்தான் விழுகிறது. உண்மையில் பலகை வாங்கக் கடைகடையாய் ஏறி இறங்கியவர், அதன் மேல் எவ்வளவு எடை ஏறும், அது எந்த மாதிரிச் சுவரில் நிற்கப்போகிறது என்ற இரண்டையும் யோசிக்காமலே துளை போட்டிருப்பார்.

எடையைக் கண்மதிப்பாக விடுவதே முதல் தவறு. நெருக்கமாக அடுக்கிய புத்தகங்களுக்கு அடிக்கு 10 கிலோ என்று வைத்துக்கொண்டால் மூன்றடித் தட்டு 30 கிலோவைச் சுமக்க வேண்டும். இரு தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தை இரட்டித்து அதையும் புத்தகத்தால் நிரப்பினால் தொய்வு இரு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. பலகையின் தடிப்பை இரட்டித்தால் அதே தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. இது தெரியாமல் நான் முதன்முதலில் மாட்டிய தட்டு, 12 மி.மீ. பிளைவுட்டில் நான்கடி நீளம், பிராக்கெட்டுகள் இரண்டும் கடைசி முனைகளில். ஆறு மாதத்தில் அதன் மேல் வைத்த பென்சில் தானாகவே நடுவுக்கு உருண்டு வந்தது. பிராக்கெட்டுகளை முனைகளிலிருந்து பத்து அங்குலம் உள்ளே தள்ளியிருந்தால், வெளியே நீளும் இரு முனைகளின் பாரம் நடுப்பகுதியைத் தூக்கிப் பிடித்திருக்கும், ஒரு பைசா கூடுதல் செலவும் இருந்திருக்காது. முன் விளிம்பின் அடியில் ஒன்றரை அங்குல ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) ஒன்றைச் செங்குத்தாக வைத்துப் பசையும் திருகாணியும் போட்டு இணைத்தாலும் பலகை நன்றாக விறைப்பேறும். துகள்பலகை எனப்படும் பார்ட்டிகிள் போர்டை நீளத் தட்டுக்கு வாங்குவதை நான் ஏற்பதில்லை. விலை குறைவுதான், ஆனால் தொடர்ந்து இருக்கும் எடையில் அது மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும்.

பலகையை அறுக்கக் கொடுக்கும்போது ரம்பத்தின் தடிப்பை மறந்துவிடுபவர்கள் உண்டு. எட்டுக்கு நான்கடி பலகையின் அகலம் 1220 மி.மீ.; நான்காக அறுக்கும்போது ஒவ்வொரு வெட்டும் சுமார் 3 மி.மீ. தின்றுவிடுவதால் நான்கு துண்டுகளுமே ஓரடிக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். முழு ஓரடி தேவைப்படும் இடத்தில் இந்தச் சிறு குறை தொல்லை தரும். பிளைவுட்டின் மேல்தாளில் தெரியும் மர ரேகை தட்டின் நீளவாக்கில் ஓடுகிறதா என்பதையும் அறுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி சுவர். செங்கல் சுவரில் டிரில் இறங்கும்போது உதிரும் தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் வருவது பூச்சு. பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல்லைத் தொட்டுவிட்டீர்கள். சாம்பல் தூளே தொடர்ந்து வந்து டிரில் பிட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் இரு செங்கற்களுக்கு இடைப்பட்ட கலவையில் இறங்குகிறீர்கள் என்று பொருள். ஓர் அங்குலம் தள்ளி வேறு துளை போடுவதே நல்லது. பூச்சில் மட்டும் நிற்கும் பிளக் எடையைத் தாங்காது என்பதால் திருகாணி பூச்சைக் கடந்து கல்லுக்குள் போகும் நீளத்தில் இருக்க வேண்டும். எட்டு மி.மீ. பிளக்குக்குப் பத்து மி.மீ. துளை போட்டுவிட்டுத் தீக்குச்சி செருகிச் சமாளிப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பதுதான். சுவர்க் கடிகாரத்துக்கு அது போதும், புத்தகத் தட்டுக்குப் போதாது. இலகுவான வெள்ளை நிறக் காற்றறைக் கற்களால் கட்டிய சுவருக்கு அதற்கென்றே விற்கும் நீளமான பிளக்குகள் தேவை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும், குழாய்க்கு நேர் மேலும் துளை போடவே கூடாது.

பிராக்கெட்டின் நீளமான கை சுவரில் இருக்க வேண்டும், தட்டின் அடியில் அன்று. பத்து அங்குல ஆழமுள்ள தட்டில் 20 கிலோ இருந்தால், ஆறு அங்குல உயரப் பிராக்கெட்டுகளின் மேல் திருகாணிகளை அது மொத்தத்தில் ஏறக்குறைய 17 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். பிராக்கெட்டின் உயரம் நான்கு அங்குலமே என்றால் இழுப்பு 25 கிலோவாகும்.

மட்டத்தைத் தரையிலிருந்தோ கூரையிலிருந்தோ அளந்து எடுக்காதீர்கள், அவை இரண்டுமே சரியான மட்டத்தில் இருப்பதாக நம்ப முடியாது. ரசமட்டம் இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் போதும்.

வாடகை வீட்டில் துளை போட முடியாதவர்கள் செங்கல்லும் பலகையும் மாற்றி மாற்றி அடுக்குவது நல்ல வழியே. ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை இடுப்பளவுக்கு மேல் உயர்த்தக் கூடாது. அடிப்பலகை தரையைத் தொட்டால் ஈரமும் கரையானும் ஏறும்.

எல்லாம் முடிந்ததும் அன்றைக்கே புத்தகங்களை ஏற்ற அவசரப்பட வேண்டாம். 15 லிட்டர் வாளியில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு பிராக்கெட்டின் முனையிலும் ஓர் இரவு தொங்கவிட்டு, காலையில் பிராக்கெட்டின் மேல் நுனிக்கும் சுவருக்கும் இடையே ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேறிடத்தில் துளை போடுங்கள்.