பிள்ளை ‘கடவுள் இல்லை’ என்றால்: நாம் விடும் பிழைகள்

கம்பஸில் படிக்கிற மகன் கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறான். ஏன் என்று கேட்டால், கடவுள் இல்லை என்கிறான். யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் இது நடந்தால் அம்மா அழுவார், அப்பா கத்துவார், சித்தப்பா பைபிளைத் தூக்குவார். அந்தப் பதற்றத்தில் நாம் சொல்கிற பதில்களில் பலவற்றைத் திருச்சபையின் மரபே ஏற்பதில்லை.

முதலில் கைக்கு வருவது திருப்பாடல் 14. கடவுள் இல்லை என்பவன் அறிவிலி என்ற முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம். நாலாம் வசனம் வரை வாசியுங்கள். சாப்பாட்டை விழுங்குவதுபோல் மக்களை விழுங்குகிற கொடியவர்களைப் பற்றிய பாட்டு அது. நித்திரையில்லாமல் யோசித்துக் குழம்புகிற பிள்ளைமேல் அதை எறிவது அநியாயம்.

எந்தக் கடவுளை அவன் மறுக்கிறான் என்று கேளாமலே வாதாடத் தொடங்குவது அடுத்த பிழை. 2ஆம் நூற்றாண்டில் நாத்திகர் என்று பழி சுமந்தவர்கள் கிறிஸ்தவர்கள்தான். அவர்கள் உரோமைத் தெய்வங்களை வணங்கவில்லை. அந்தத் தெய்வங்களைப் பொறுத்தவரை நாங்கள் நாத்திகரே என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் புனித யுஸ்தீன் வெளிப்படையாக எழுதினார். பூசைக்குப் போகாவிட்டால் சோதனையில் பெயில் ஆக்குகிற கடவுளைத்தான் பிள்ளை மறுக்கிறான் என்றால், அப்படிப்பட்ட கடவுளை நாமும் நம்பத் தேவையில்லை.

மிகப் பெரிய பிழை, துன்பத்துக்கு உடனே விளக்கம் சொல்வது. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ், கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை எடுத்ததும் எதிர்த்தரப்பைத்தான் முதலில் எழுதினார்: எல்லையில்லாத நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு ஏது இடம்? எங்கள் ஊருக்கு இது புத்தகக் கேள்வி இல்லை. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்திலும் அதைச் சுற்றியும் தஞ்சமடைந்திருந்த சனங்கள்மேல் விமானம் குண்டு போட்டது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் ‘கடவுள் எங்கே இருந்தவர்?’ என்று கேட்டால், ‘எல்லாம் அவர் சித்தம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாமா? பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு நிலத்தில் இருந்தார்கள்; அதுவரை சரி. பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் ஆண்டவர் கோபித்தது அந்த நண்பர்கள்மேல்தான். தம்மோடு வழக்காடிய யோபுதான் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்றார். ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று இயேசுவே சிலுவையில் கதறினார். அந்தக் கதறலைப் புனித வாரத்தில் வாசிக்கிற நாங்கள், அதையே இன்னொருவர் கேட்கும்போது வாயை அடைப்பது சரியில்லை.

விஞ்ஞானம் விளக்காத இடத்தில் கடவுளைக் கொண்டுபோய் வைப்பதும் வேண்டாம். நாளைக்கு விளக்கம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற கோட்பாட்டை 1931இல் முன்வைத்த லெமெத்தர் ஒரு கத்தோலிக்கக் குரு. அதைப் படைப்புக்குச் சான்றாக்குவதை அவரே விரும்பவில்லை.

நாத்திகனுக்கு ஒழுக்கம் இராது என்ற பேச்சைப் பவுலே உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில் முடித்துவிட்டார்: கடவுளின் சட்டம் அறியாதவரின் இதயத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் பங்கை மறப்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற பிழை. 1965இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், நாத்திகம் தோன்றுவதில் விசுவாசிகளுக்கும் கணிசமான பங்கு இருக்கலாம் என்று எழுதியது. பிழையான போதனையாலும் வாழ்க்கையில் விடும் குறைகளாலும் கடவுளின் முகத்தை நாம் மறைத்துவிடுகிறோம் என்றது. காலையில் பூசையில் ஒரே வரிசையில் நின்று நன்மை (நற்கருணை) வாங்குகிறோம். பின்னேரம் கலியாணப் பேச்சில் ‘என்ன ஆக்கள்?’ என்று சாதி விசாரிக்கிறோம். பிள்ளை இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறான்.

அதே சங்கம் அதே ஆண்டில், விசுவாசம் சுதந்திரமாகக் கொடுக்கிற பதில், அதற்கு யாரையும் வற்புறுத்தக்கூடாது என்றும் சொன்னது. ஆகவே அடம்பிடித்துக் கோயிலுக்கு இழுக்காதீர்கள், பாதரிடம் முறையிட்டு அவனை வெட்கப்படுத்தாதீர்கள். கேட்பவருக்குப் பணிவோடும் மரியாதையோடும் பதில் சொல்லுங்கள் என்கிறார் பேதுரு தம் முதல் கடிதத்தில். அவன் கேட்கிற அன்று பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கேட்காத நாளில் வழக்கம்போல அவனோடு இருந்து சாப்பிடுங்கள்.