சோதனை முடிந்த பிள்ளைக்கு லீவு வேலை: வன்னிப் பெற்றோர் பார்க்க வேண்டியவை

சாதாரண தரச் சோதனை முடிந்து முடிவு வரும்வரை பிள்ளை மாதக்கணக்கில் வீட்டில் நிற்கும். அந்த இடைவெளியில் வேலை தேடுவதென்றால் முதலில் வயதைப் பாருங்கள். 2021இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயது 16. அதற்குமேல், 18 ஆகும்வரை ஆபத்தான வேலை கூடாது. பூச்சிமருந்து அடிப்பது, கல்லுடைக்கும் இடம், உயரத்தில் நின்று செய்யும் கட்டட வேலை, சாராயக் கடை: எவ்வளவு தந்தாலும் விடாதீர்கள்.

வன்னியில் இன்னொன்றும் இருக்கிறது, பழைய இரும்பு பொறுக்குவது. கிலோவுக்குக் காசு உடனே வருவதால் பெடியள் எளிதில் இழுபடுவார்கள். போர்க்காலத்தில் விழுந்து மண்ணுக்குள் கிடக்கும் எறிகணை துருப்பிடித்தாலும் செத்துப்போவதில்லை. தட்டினாலோ அறுத்தாலோ வெடிக்கும். இரும்பு வாங்கும் கடையில் தரம்பிரிக்கும் வேலைக்கும் இதே ஆபத்துத்தான். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை உள்ள பக்கம் விறகுக்குக்கூடப் போகவேண்டாம்.

வேலை தேட ஊருக்குள்ளேயே தொடங்குங்கள். போட்டோக்கொப்பி எடுத்துத் தமிழில் தட்டச்சு செய்யும் கடை, பலசரக்குக் கடை, மருந்துக் கடை, தையல் கடை, நாற்றுமேடை, சின்னப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. வைகாசியில் வட்டாப்பளைப் பொங்கல், ஜூலை 2இலும் ஓகஸ்ட் 15இலும் மடுத் திருவிழா. அந்த நாட்களில் தற்காலிகக் கடைகளுக்கு ஆள் தேவைப்படும். ஆனால் இரவுத் தங்கல் இருக்கும், கூட ஒரு பெரியவர் இல்லாமல் அனுப்பவேண்டாம். கச்சான் ஆயும் வேலை எடைக் கணக்கென்றால் தராசைப் பிள்ளையும் பார்க்கும்படி நிறுக்கச் சொல்லுங்கள்.

சம்பளத்தைக் கேட்டு மயங்காமல் கையில் நிற்பதைக் கணக்குப் பாருங்கள். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபா. கிளிநொச்சி நகரக் கடையில் எட்டு மணிநேரத்துக்கு அது கிடைக்கிறதென்று வையுங்கள். பஸ்ஸுக்குப் போய்வர 200, மத்தியானச் சாப்பாடு 350 என்றால் மிஞ்சுவது 650. அதே வீதத்தில் மணிக்கு 150 ரூபாப்படி ஊர்ச் சந்திக் கடையில் 5 மணிநேரம் நின்றால் 750. சைக்கிளில் போய் வீட்டில் சாப்பிடலாம், உயர்தரத்துக்கு ஆயத்தப்படுத்த அரை நாளும் மிஞ்சும். பிள்ளையின் முதல் வேலைக்கு ஊர்க் கடைதான் நல்லது.

வரும் வழி சம்பளத்தைவிடப் பெரிய விஷயம். ஒட்டுசுட்டான், துணுக்காய் உட்கிராமங்களுக்குக் கடைசி பஸ் தவறினால் பொழுதுபட யானை இறங்கும் பாதைதான் மிச்சம். வேலை முடியும் நேரத்துக்கும் கடைசி பஸ்ஸுக்கும் இடையில் குறைந்தது முக்கால் மணிநேரம் இருக்கவேண்டும். கடை பூட்டப் பிந்துவது வழமை.

சேர்க்கமுன் ஒருநாள் பின்னேரம், சொல்லாமல், நீங்களே போய்ப் பாருங்கள். கழிப்பறை இருக்கிறதா? பொம்பிளைப் பிள்ளையென்றால் வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா? கடை பூட்டும்போது யார் யார் நிற்பார்கள்? ஏற்கெனவே நிற்கும் பிள்ளையிடம் சம்பளம் சொன்ன நாளில் வருகிறதா என்று தனியே கேளுங்கள். முதலாளியின் வாயிலிருந்து வராத பதில் அங்கே வரும்.

பிறகு ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்: தொடங்கும் நாள், முடியும் நாள், நேரம், சம்பளம், சம்பள நாள். கிழமைச் சம்பளமாகக் கேளுங்கள். மாதச் சம்பளமென்றால் இடையில் நிற்கும் பிள்ளைக்குக் கடைசி நாட்களின் காசு பெரும்பாலும் கிடைக்காது. கடைகளில் சண்டை வருவது லாச்சிக் காசில்தான். லாச்சி பலர் கையில் இருந்தால் குறைவைப் புதுப் பிள்ளையின் தலையில் கட்டுவார்கள். ஆகவே பொறுப்பெடுக்கும்போதும் கொடுக்கும்போதும் எண்ணி எழுதும்படி பழக்குங்கள். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்கலாம், மூலத்தைக் கொடுக்கக்கூடாது. முற்பணமும் கட்டவேண்டாம். கொழும்பில் வேலை, தங்குமிடம் இலவசம் என்று வீட்டுக்கே வரும் தரகரோடு கதையை நீட்டாதீர்கள்.

வேலை சரிவராவிட்டால் பிரதேச செயலகத்தில் மனிதவள உத்தியோகத்தரைக் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பாடநெறிகள் பற்றியும் அறிவியல்நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் பற்றியும் சொல்வார்கள்.

முதல் கிழமை ஒவ்வொரு இரவும் "எவ்வளவு தந்தார்கள்?" என்று கேட்காமல், "இன்றைக்கு என்ன வேலை தந்தார்கள், யாரோடு நின்றாய்?" என்று கேளுங்கள். பேசிய வேலை மாறியிருந்தால் அடுத்த நாளே போய்க் கதையுங்கள். அடி, தகாத பேச்சு, தொடுகை என்றால் சம்பளப் பாக்கிக்காகக் காத்திருக்காமல் பிள்ளையை அன்றே கூட்டிவந்து சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.